அறுவடைவரை யார் பொறுப்பது?

ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியைக் கடந்ததும் வரும் பொம்மசந்திராவை இன்று தொழிற்பேட்டையாகவும், நாராயணா ஹெல்த் சிட்டி இருக்கும் இடமாகவும், மெட்ரோ மஞ்சள் தடம் வந்து முடியும் ஊராகவும் அறிகிறோம். ஆனேக்கல் வட்டத்தின் இந்தப் பகுதி ஒரு காலத்தில் ராகி விளைந்த பூமி. வட்டத்தின் உட்கிராமங்களில் மானாவாரி ராகி இன்னும் விளைகிறது. ராகிக்கு ஒரு காட்டு உறவு உண்டு. தாவரவியல் இரண்டையும் எலூசின் என்ற ஒரே பேரினத்தில் வைக்கிறது. பயிரோடு பயிராக அந்தப் புல்லும் முளைக்கும். நாற்றுப் பருவத்தில் எது ராகி, எது களை என்று பழகிய கண்ணும் தடுமாறும். கதிர் வந்த பிறகு சந்தேகம் இருக்காது.

மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் களைகளின் உவமைக்கு இந்தப் பக்கத்து உழவரிடம் நீண்ட விளக்கம் தேவைப்படாது. ஒருவர் நிலத்தில் நல்ல விதை விதைக்கிறார். ஊர் உறங்கும்போது பகைவன் வந்து கோதுமைக்கு இடையில் களை விதைத்துவிட்டுப் போகிறான். பயிர் வளர்ந்து கதிர் விட்டதும் களையும் தெரிகிறது. பிடுங்கிவிடலாமா என்று வேலைக்காரர்கள் கேட்கிறார்கள். வேண்டாம், களையோடு கோதுமையும் வந்துவிடும், அறுவடைவரை இரண்டும் வளரட்டும் என்கிறார் நிலத்துக்காரர்.

அந்தக் களை லோலியம் டெமுலென்டம் என்ற புல் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. கோதுமையைப் போலவே இருக்கும். அதன் மணிகளில் தங்கும் பூஞ்சை தலைசுற்றலையும் மயக்கத்தையும் கொண்டுவரும். பிறர் வயலில் இதை விதைப்பவர் மீது வழக்குத் தொடர ரோமானியச் சட்டத் தொகுப்பிலேயே இடமிருந்தது. ஆகவே கேட்டவர்களுக்கு இது வெறும் கற்பனைக் கதையாக இருந்திருக்காது. நடக்கக்கூடிய குற்றம் அது. உவமைக்குள் இருக்கும் நிலத்துக்காரரும் அதை இயற்கையின் விளைவு என்று மழுப்பவில்லை. இது பகைவன் செய்த வேலை என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுகிறார். பொறுமை பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. நம்முடைய பிரசங்கங்களில் இந்த வரிசை பல நேரம் தலைகீழாகிவிடுகிறது. தீமையைத் தீமை என்று சொல்வதற்கு முன்பே பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறோம்.

பொம்மசந்திராவில் கம்பெனி வேலைக்கு வந்து ஒண்டிக் குடித்தனத்தில் தங்கும் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு சுவருக்கு அப்பால் கன்னடக் குடும்பம், எதிரே ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள், கீழே கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர். இந்தக் குடும்பத்தின் விசுவாசத்தைப் பகிராதவர்களே சுற்றிலும் அதிகம். ஞாயிறு ஆராதனையில் களைகளின் உவமையைக் கேட்டுவிட்டு வீடு திரும்பினால், கோதுமை நாம், களை அவர்கள் என்று மனம் எளிதாகக் கணக்குப் போட்டுவிடும். தீமையும் அவிசுவாசமும் இப்படித்தான் ஒன்றாகிவிடுகின்றன. அடுத்த வீட்டுக்காரர் வேறு கடவுளை வணங்குவது ஒரு விஷயம். மேஸ்திரி கூலியைப் பிடித்துக்கொள்வது முற்றிலும் வேறு விஷயம். முதலாவது நாம் பொறுக்க வேண்டிய காயம் அல்ல. அங்கே பொறுமை என்ற சொல்லைக் கொண்டுவந்தாலே, அண்டை வீட்டாரை நாம் சகித்துக்கொண்டிருக்கிறோம் என்ற உயரத்தில் ஏறி நின்றுவிடுகிறோம். நாராயணா மருத்துவமனையைத் தொடங்கிய தேவி ஷெட்டி, கொல்கத்தாவில் அன்னை தெரசாவுக்கு இதய மருத்துவராக இருந்தவர். தம் வாழ்க்கையை மாற்றியவர் அவர்தான் என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறார். பரிவு எந்த வேலிக்கு எந்தப் பக்கம் விளைகிறது என்று அந்த மருத்துவமனை வாசலில் நின்று யாரால் பிரிக்க முடியும்?

அடையாளத்தை வைத்துக் களையெடுத்தால் என்ன ஆகும் என்பதை இந்தச் சாலை பார்த்திருக்கிறது. 2016 செப்டம்பர் 12 அன்று காவிரி நீர்ப் பிரச்சினையில் பெங்களூரு பற்றி எரிந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் போதுமானதாக இருந்தது, ஒரு வண்டியைக் கொளுத்த. தனியார் பேருந்துகள் நிறுத்தியிருந்த ஒரு பணிமனையில் பேருந்துகள் வரிசையாக எரிந்தன. அத்திப்பள்ளி எல்லையில் போக்குவரத்து நின்றது. தண்ணீர்ப் பங்கீட்டில் முடிவெடுக்கும் அதிகாரம் எதுவும் இல்லாத ஓட்டுநர்களும் தினக்கூலிக்காரர்களும் அடிவாங்கினார்கள். இன்னொரு களத்தில், இன்னொரு பெயரில், திருச்சபையும் இதே வேலையைச் செய்திருக்கிறது. அதை மறைத்துவிட்டுக் கிறிஸ்தவப் பொறுமையைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

வட ஆப்பிரிக்காவில் தொடங்குவோம். டயக்ளீஷியன் பேரரசர் காலத்து வேதகலாபத்தில், 303க்குப் பின், திருநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்துத் தப்பிய ஆயர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுடைய வழியில் வந்த சபை தீட்டுப்பட்டது என்று பிரிந்தவர்கள் டொனாட்டியர். அவர்களுக்கு எதிராகப் புனித அகஸ்டின் கையில் எடுத்த ஆயுதம் களைகளின் உவமைதான்: சபைக்குள் நல்லவரும் கெட்டவரும் கலந்தே இருப்பார்கள், அறுவடைக்கு முன் பிரிக்கப் பார்க்காதீர்கள். 411இல் கார்த்தேஜில் இரு தரப்பு ஆயர்களும் அரசு ஆணையர் மார்செலினுஸ் முன்னிலையில் வாதாடியபோது டொனாட்டியர் கூர்மையான பதில் ஒன்றைச் சொன்னார்கள். உவமைக்கு இயேசுவே விளக்கம் தந்திருக்கிறார், அதில் நிலம் என்பது உலகம், சபை அல்ல என்றார்கள். உரையை நெருக்கமாகப் பார்த்தால் அந்த இடத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அகஸ்டின் வேறொரு பக்கம் சாய்ந்திருந்தார். ஆரம்பத்தில் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றவர், 408ஐ ஒட்டி எழுதிய ஒரு கடிதத்தில் அரசின் வற்புறுத்தல் பலரைத் திருத்தியிருக்கிறது என்று ஏற்றுக்கொண்டார். பிற்கால ஐரோப்பா அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பத் துணைக்கு அழைத்தது. ஜெனிவாவில் 1553 அக்டோபர் 27 அன்று மைக்கேல் செர்வேட்டஸ் திருத்துவத்தை மறுத்ததற்காக உயிரோடு எரிக்கப்பட்டார். மறு ஆண்டே செபஸ்டியான் கஸ்டெல்லியோ, கருத்துக்காகக் கொல்வதற்கு எதிராக நூல் வெளியிட்டார். நம் பக்கத்துக் கோவாவில் 1560இல் தொடங்கிய புனித விசாரணை மன்றம், இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 1812வரை நீடித்தது. புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் பழைய வழக்கங்களை ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று அது தேடியது. வேலைக்காரர்களுக்குத் தடை செய்யப்பட்ட வேலையை, அதிகாரம் கைக்கு வந்ததும் வேலைக்காரர்கள் செய்யத் துணிந்தார்கள்.

ஆனால் அதே அகஸ்டினிடம் இன்னொரு கடிதமும் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்கு அதுதான் முக்கியம். டொனாட்டியர் பக்கத்து வன்முறைக் கும்பல் ஒன்று கத்தோலிக்கக் குரு ஒருவரைக் கொன்றது; இன்னொருவரின் கண்ணைப் பறித்து விரலை வெட்டியது. குற்றவாளிகள் ஒப்புக்கொண்டார்கள். 412ஐ ஒட்டி அகஸ்டின் மார்செலினுசுக்கு எழுதினார்: அவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை, தீமை செய்யும் சுதந்திரத்தை அவர்களிடமிருந்து எடுத்துவிடுங்கள், ஆனால் உயிரை எடுக்காதீர்கள், அவர்கள் செய்த ஊனத்தை அவர்களுக்குச் செய்யாதீர்கள். பாதிக்கப்பட்ட சபையின் ஆயராக இருந்துகொண்டு அவர் வைத்த வேண்டுகோள் இது. தண்டனை இருக்கட்டும், பழிவாங்கல் வேண்டாம் என்ற அந்தக் கோடு பதினாறு நூற்றாண்டு கழித்து ஒடிசாவில் மறுபடியும் வரையப்பட்டது.

அதற்குள் போகுமுன் தமிழ் நாட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொறுமையின் பெயரால் நடந்த பெரிய அநியாயம் நம் மண்ணில்தான் நடந்திருக்கிறது.

18ஆம் நூற்றாண்டிலிருந்தே தஞ்சாவூர், தரங்கம்பாடிச் சபைகளில் சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். நற்கருணையிலும் முன்பின் பார்த்தார்கள். இந்தக் களையை என்ன செய்வது என்பதில் மிஷனரிகள் பிளவுபட்டார்கள். 1826இல் தமிழகம் வந்து திருச்சிராப்பள்ளியில் இறந்த ஆயர் ஹீபர், அவசரப்படாமல் விசாரிக்கலாம் என்ற பக்கம் நின்றார். 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டார்: சாதி உடனடியாக, முழுமையாக, இறுதியாகக் கைவிடப்பட வேண்டும். தஞ்சைச் சபையில் கொந்தளிப்பு எழுந்தது. பாடல்களால் இன்றும் தமிழ்ச் சபைகளில் வாழும் வேதநாயக சாஸ்திரியார், அந்தச் சுற்றறிக்கைக்கு முன்பே, புதிய மிஷனரிகளின் கண்டிப்பை எதிர்த்துச் சாதி வழக்கத்துக்கு ஆதரவாக எழுதியிருந்தார். 1849 முதல் 1853வரை இந்தியாவில் இருந்த லைப்சிக் மிஷனின் கார்ல் கிரவுல், சாதி ஒரு சமூக வழக்கம், நற்செய்தி உள்ளே வேலை செய்யச் செய்ய அது தானாகத் தேயும் என்றார். வில்சனின் கண்டிப்பை ஏற்காதவர்களில் பலர் லைப்சிக் லூத்தரன் சபைக்குப் போனார்கள்.

கிரவுலின் வாதம் படித்தவர் வாதம், பண்பாட்டை மதிக்கும் வாதம். மேற்கத்திய ஒழுங்கைத் திணிக்கக் கூடாது என்ற அவருடைய கவலையும் உண்மையானது. ஆனால் அந்தப் பொறுமைக்கான விலையைக் கட்டியவர்கள் அவர் அல்ல. கோயிலின் பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்டவர்கள்தான் கட்டினார்கள். மெல்ல மாறும், காத்திருப்போம் என்று முன்வரிசை சொன்னது. ஆண்டுகள் போயின. கத்தோலிக்கர் பக்கமும் நிலைமை வேறல்ல. தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்தில், 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம் பீடத்தில் வந்து சேரும் இரண்டு கிளைகளாகக் கட்டப்பட்டது. ஒரு கிளை ஒரு சாதிக்கு, மறு கிளை மறு சாதிக்கு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கௌசானல் அடிகளார் அந்தக் கிளைகளைப் பிரித்த தடுப்பை அகற்றியபோது சண்டை நீதிமன்றம்வரை போனது. ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் இந்த வரலாற்றை ஆவணங்களோடு விரித்திருக்கிறார். தேவசகாயம் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறையிலும் சித்திரவதையிலும் அவர் காட்டிய பொறுமையைப் போற்றித்தான் 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அந்த அறிவிப்பு வருமுன் அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பின்னொட்டு கைவிடப்பட்டது. தம் உடம்பில் பட்ட அடியைப் பொறுத்த ஒருவரின் பெயர் வடக்கன்குளத்தோடு சேர்ந்தே வருகிறது. அதே ஊரில் இன்னொருவர் மேல் விழுந்த அடியைப் பொறுக்கச் சொன்ன சுவரும் நின்றது. இரண்டையும் ஒரே கிறிஸ்தவப் பொறுமை என்று அழைக்க என்னால் முடியவில்லை.

பொறுமையைக் காயம்பட்டவர் கொடுக்கலாம். காயம்படாதவர் அதை அவரிடம் கேட்டு வாங்க முடியாது. 1999 ஜனவரியில் மனோகர்பூரில் நடந்ததை இந்த அளவுகோலோடு பார்க்க வேண்டும்.

கிரஹாம் ஸ்டெயின்ஸ் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்காரர். 1965இல் ஒடிசாவுக்கு வந்து மயூர்பஞ்ச் மாவட்டத்துப் பாரிபதாவில் தொழுநோயாளர்களோடு வாழ்ந்தவர். சந்தாலி மொழி தெரிந்தவர். ஊட்டியில் படித்துக்கொண்டிருந்த மகன்கள் பிலிப்பும் திமோத்தியும் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். ஒருவனுக்கு வயது 10, மற்றவனுக்கு 6. கியோஞ்சர் மாவட்டத்து மனோகர்பூரில் நடந்த ஆண்டுக் கூடுகைக்கு மூவரும் போனார்கள். ஜனவரி 22 நள்ளிரவு தாண்டி, குளிருக்காக வண்டிக்குள் உறங்கியவர்களை ஒரு கும்பல் சூழ்ந்து தீவைத்தது. வெளியே வரவிடவில்லை. பாரிபதாவில் இருந்த கிளாடிஸ் ஸ்டெயின்சுக்கும் 13 வயது மகள் எஸ்தருக்கும் செய்தி வந்தது. கொன்றவர்களை மன்னித்துவிட்டேன், யார் மீதும் கசப்பு இல்லை என்று கிளாடிஸ் சொன்னார்.

அந்த ஆண்டே செப்டம்பர் தொடக்கத்தில் அதே மயூர்பஞ்ச் மாவட்டத்து ஜமாபனியில் தமிழகத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு அருள்தாஸ் கொல்லப்பட்டார். அதற்குச் சில நாள் முன்பு முஸ்லிம் துணி வியாபாரி ஒருவரும் கொல்லப்பட்டிருந்தார். தாரா சிங் என்ற பெயர் இந்தக் கொலைகளோடு சேர்த்துச் சொல்லப்பட்டது. கிளாடிஸின் பெயர் உலகெங்கும் தெரிந்த அளவுக்கு அருள்தாஸின் பெயர் தமிழ் வாசகர்களுக்கே தெரியாது.

மன்னித்தேன் என்று சொன்ன பிறகு கிளாடிஸ் என்ன செய்தார் என்பதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். அவர் உடனே நாடு திரும்பவில்லை. 2004வரை பாரிபதாவிலேயே இருந்து தொழுநோய் இல்லத்தை நடத்தினார். கொலைகாரர்களுக்குச் சோறு போட்டவர்களும் ஒளிய இடம் கொடுத்தவர்களும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருந்திருப்பார்கள். அவர் கட்டுப்போட்ட கைகளுக்கு உரியவர்களில் பெரும்பாலோர் அவருடைய விசுவாசத்தைச் சேராதவர்கள். கலந்து வளரும் வயல் என்பது அவருக்கு உவமையாக இல்லை, அன்றாட முகவரியாக இருந்தது. இன்னொன்றும் செய்தார்: நீதி விசாரணையை நிறுத்தச் சொல்லவில்லை. மன்னிப்பையும் குற்றத்துக்கான சட்ட விளைவையும் கலக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னார். அகஸ்டின் மார்செலினுசுக்கு எழுதியதன் சாரம் இதுதான். ஆனால் அகஸ்டினுக்கு அரசாங்கத்தின் காது இருந்தது, கிளாடிசுக்கு அது இல்லை.

வழக்கு தன் போக்கில் நகர்ந்தது. 2003 செப்டம்பரில் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. தாரா சிங்குக்கு மரண தண்டனை. 2005 மே மாதம் ஒடிசா உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்து, மகேந்திர ஹெம்ப்ராமின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்து, மற்ற 11 பேரை விடுவித்தது. 2011 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றத்தில் பி. சதாசிவம், பி.எஸ். சௌஹான் அமர்வு ஆயுள் தண்டனையே போதும் என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பில், ஸ்டெயின்சின் மதப் பணிகளுக்குப் பாடம் கற்பிப்பதே கொலையாளிகளின் நோக்கம் என்ற பொருளில் ஒரு பத்தி இருந்தது. எதிர்ப்பு எழுந்தது, நான்கு நாளில் நீதிமன்றமே அந்தப் பத்தியை நீக்கி, நிகழ்ச்சி நடந்து 12 ஆண்டுகள் கடந்துவிட்டன என்ற காரணத்தை அந்த இடத்தில் வைத்தது. தூக்கு வேண்டாம் என்ற முடிவை நான் ஏற்கிறேன். ஆனால் கொலையைப் புரிந்துகொள்ளத்தக்க கோபமாக மாற்றும் ஒரு வாக்கியம், இரக்கத்தின் உடையைப் போட்டுக்கொண்டு வந்தாலும், இரக்கம் அல்ல. பகைவன் செய்த வேலை என்று நிலத்துக்காரர் சொன்னதை அது அழிக்கிறது.

மத்தியப் பிரதேசத்தில் இன்னொரு பாதை தெரிந்தது. கேரளத்துப் புல்லுவழியில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா உதயநகர்ப் பக்கம் பழங்குடி உழவர்களைக் கந்துவட்டிக்காரர்களின் பிடியிலிருந்து மீட்கும் வேலை செய்தார். 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூருக்குப் போன பேருந்தில் சமுந்தர் சிங் அவரைக் குத்திக் கொன்றார். 2002இல் ரக்ஷா பந்தன் நாளையொட்டி ராணி மரியாவின் தங்கை, அவரும் துறவி, சிறைக்குப் போய் அந்த மனிதரின் கையில் ராக்கி கட்டினார். குடும்பமே அவருடைய விடுதலைக்காக மனு கொடுத்தது. 2006இல் வெளியே வந்த சமுந்தர் சிங், புல்லுவழிக்குப் போய் அந்தப் பெற்றோரைப் பார்த்தார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்ட விழாவில் அவரும் இருந்தார். கிளாடிஸ் சட்டத்தின் விளைவைத் தொடாமல் மன்னித்தார். இந்தக் குடும்பம் சிறைக்கதவைத் திறக்கச் சொல்லியே மன்னித்தது. எது கூடுதல் கிறிஸ்தவம் என்று தரம் பிரிக்க மாட்டேன். இரண்டிலும் முடிவு காயம்பட்டவர்களுடைய கையில் இருந்தது. ஆயரோ அமைச்சரோ ஊர்ப் பெரியவரோ அவர்களிடம் மன்னிப்பைப் பிடுங்கவில்லை.

பிடுங்குவது எப்படி நடக்கும் என்பதை நம் சபைகளில் தினமும் பார்க்கலாம். குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றி அழும் பெண்ணிடம் ஜெபம் பண்ணிப் பொறுத்திரும்மா, கர்த்தர் மாற்றுவார் என்று சொல்லி அனுப்புகிறார்கள். பொம்மசந்திராவிலும் ஜிகனியிலும் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் ஆள், பி.எஃப். பிடித்தும் கட்டாத ஒப்பந்தக்காரரைப் பற்றிப் புலம்பினால், அவரும் நம்ம சபைதானே, விட்டுக்கொடு என்கிறார்கள். உவமையில் நிலத்துக்காரர் வேலைக்காரர்களைத்தான் பொறுக்கச் சொன்னார். மூச்சுமுட்டும் கோதுமைப் பயிரிடம் போய்க் களைக்கு இடம் கொடு என்று சொல்லவில்லை. அந்தப் பெண் காவல் நிலையத்துக்கும், அந்தத் தொழிலாளி தொழிலாளர் துறைக்கும் போவது அறுவடைக்கு முன் களையெடுப்பது ஆகாது. தீங்கை நிறுத்துவதும் ஒரு மனிதரின் இறுதிக் கணக்கைத் தீர்ப்பதும் வெவ்வேறு வேலைகள். முதலாவது நம்முடையது.

2008 செப்டம்பர் 14 அன்று மங்களூருவில் தேவாலயங்கள் தாக்கப்பட்டபோதும் இதே குழப்பம் வந்தது. கர்நாடக அரசு நீதிபதி சோமசேகரா ஆணையத்தை அமைத்தது. வீதியில் இறங்கிக் கேள்வி கேட்ட இளைஞர்களைப் பார்த்து, இது கிறிஸ்தவ வழியா என்று கேட்டவர்கள் உண்டு. கல்லெறியாமல் நின்று புகார் கொடுப்பது கிறிஸ்தவ வழிதான். தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை ரோமானிய நீதிமன்றத்துக்கும் அங்கிருந்து பேரரசருக்கும் மேல்முறையீடாகக் கொண்டுபோன பவுலை எந்தச் சபையும் பொறுமையற்றவர் என்று தள்ளியதில்லை.

இந்த விவகாரம் முடிந்துவிடவில்லை. கிரஹாம் ஸ்டெயின்ஸ் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற ஹெம்ப்ராம், சிறையில் நன்னடத்தை காரணமாக 2025 ஏப்ரலில் கியோஞ்சரில் விடுதலையானார். தாரா சிங்கும் தண்டனைக் குறைப்புக் கேட்டு 2024இல் உச்ச நீதிமன்றம் போனார். இத்தகைய மனுக்கள் பேசப்படும்போதெல்லாம் கிளாடிஸின் மன்னிப்பு ஒரு சான்றிதழ்போல மேசையில் வைக்கப்படுகிறது: மனைவியே மன்னித்துவிட்டார், இனி என்ன? அந்த மன்னிப்பு அவர் தம் கணவருக்காகவும் இரு பிள்ளைகளுக்காகவும் கொடுத்தது. விடுதலை தருவதா இல்லையா என்பதை அரசு தன் விதிகளையும், குற்றவாளியின் மனமாற்றத்தையும், அந்தக் கிராமங்களின் பாதுகாப்பையும் பார்த்து முடிவு செய்யட்டும். யாருடைய மன்னிப்பையாவது கணக்கில் எடுப்பதானால், தாரா சிங் ஆயுள் தண்டனை பெற்ற மற்றொரு வழக்கும், அருள்தாஸ் கொலை வழக்கும், அந்தக் கோப்பில் இருக்கிறது. தமிழகத்தில் இருக்கும் அருள்தாஸின் உறவினர்களிடமும் போய், அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும்.